தனிநாயக அடிகளாரின் கல்விநெறி: ஒரு மதிப்பீடு

ஓர் இந்துக் கல்லூரியின் ஆண்டு மலரிற் கத்தோலிக்க குருவானவர் ஒருவரின் கல்விப்பணியை ஆராயப் புகுதல் பொருத்தமாமோ எனச் சிலர் ஐயுறல் கூடும். ஐயம் இயல்பானதே. யாழ்ப்பாணத்திற் சைவக் கல்விநிலையங்கள் தோன்றிய வரலாறு மிஷன் கல்விக்கு மாற்றுத் தேடிய வரலாறாகும். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய நாவலர் பெருமான், அவ்விடத்தை விட்டு நீங்கி, 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கல்வியைப் பெறும் பொருட்டு ஒரு பிள்ளை தன் சமயத்தை விலையாகக் கொடுத்தல் தகாது என்பது அவர் கொள்கை. 1923 இல் எழுந்த சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் அக்கொள்கையின் வழிப்பட்டதே. இம்மரபில் வந்த நாம், கத்தோலிக்கக் கல்வியாளர் எவரையும் நோக்கி முதற்கண் வினவுவது ஒன்றுண்டு: இவர் நம்மிடம் வந்தது எதன் பொருட்டு?

சேவியர் தனிநாயக அடிகளாரைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை வியப்பானது. அவர் நம்மிடம் வந்தது கற்றற் பொருட்டு. அவருடைய கல்வி வாழ்வு முழுவதையும் விளக்கும் திறவுகோல் இதுவென்பது என் துணிபு. அவருடைய நூல்களின் சிறப்பும், அவற்றின் குறையும், இத்திறவுகோல் கொண்டே விளங்கும்.

அடிகளார் 1913 ஓகஸ்ட் 2 ஆம் நாள் ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொன்னிற் பிறந்தவர். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் பாடசாலை, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்புப் புனித பேணாட் குருமடம் என்பன அவர் இளமையிற் கற்ற இடங்கள். 1934 இல் உரோமாபுரிக்குச் சென்று உர்பன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1938 இற் குருப்பட்டம் பெற்றார். 1939 இற் கல்வியை நிறைவு செய்து மீண்டார். இறையியற் கலாநிதிப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், புனித சிப்பிரியான் ஆயராக இருந்த காலத்துக் கார்த்தேஜ் நகரக் குருக்களின் நிலை என்பதாம். இத்தேர்வை நம் கட்டுரையாளர் பலர் ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுவர். சற்றே நின்று நோக்கத்தக்கது அது. கார்த்தேஜ் வட ஆபிரிக்காவிலுள்ளது. மூன்றாம் நூற்றாண்டிலே அங்கு வாழ்ந்த சிப்பிரியான், திருச்சபையின் ஒருமையைப் பெரிதும் வலியுறுத்தியவர். ஆயினும், பிரிந்தோர் கையால் ஞானஸ்நானம் பெற்று வந்தாரை ஏற்குமாற்றில், உரோமாபுரி ஆயரான ஸ்தேவானோடு வெளிப்படையாக மாறுபட்டு நின்றவர். ஒரே திருச்சபையுள் ஒரு நாட்டின் தனிவழக்குக்கு எத்துணை இடமுண்டு என்பது அவ்வழக்கின் உட்பொருள். இருபத்தாறு வயது எய்துமுன் அடிகளார் இலத்தீன் மூலங்களை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டு ஆராய்ந்த காலம் இது. பிற்காலத்தே அவர் சங்கச் செய்யுளை ஆராயும்போது காணப்படும் பொறுமையும் காலவரையறையில் உள்ள கவனமும் ஈண்டுப் பெற்ற பயிற்சியின் பயன்.

அவர் நாடு மீண்ட காலத்தையும் கருதுதல் வேண்டும். 1606 இல் மதுரைக்கு வந்த றொபேர்ட் டி நொபிலி, தமிழ்நாட்டு உடையையும் பழக்கவழக்கங்களையும் மேற்கொண்டு சமயம் போதித்தார். அவர் வழியை யேசு சபையார் பலர் பின்பற்றினர். ஆயின் 1704 இற் பாப்பரசரின் தூதுவர் தூர்னோன் அவ்வழக்கங்கள் பலவற்றைத் தடைசெய்தார். 1744 இற் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அத்தடையை உறுதி செய்தார். அந்நாட்டிற் பணிசெய்யும் குருமார் இவ்வழக்கங்களைக் கைக்கொள்வதில்லை எனச் சத்தியஞ் செய்யும் முறையும் நிலவிற்று. அச்சத்தியம் நீக்கப்பட்ட ஆண்டு 1940. அதே ஆண்டிலேதான் அடிகளார் திருநெல்வேலி நாட்டு வடக்கன்குளத்துப் புனித திரேசா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். நல்லூழ் என்பதா, தற்செயல் என்பதா, யான் அறியேன். இரு நூற்றாண்டாக அடைந்திருந்த கதவொன்று திறந்த வேளையில் அவர் வாயிலில் நின்றார்.

திறந்த கதவைக் கண்டும் நுழையாதார் பலர். அடிகளார் நுழைந்தமைக்குக் காரணம் அவர் உணர்ந்த ஒரு குறையே. இலத்தீன், இத்தாலியம், ஆங்கிலம் முதலிய மொழிகளில் வல்லவரான அவருக்குத் தம் தாய்மொழியின் பேரிலக்கியம் பாடமாக வாய்த்திலது. ஆங்கிலவழிக் கல்லூரிகள் அக்காலத்துத் தமிழுக்கு அளித்த இடம் அவ்வளவே. இதில் இந்துக் கல்லூரிகளும் பெருமை பாராட்டுதற்கில்லை. வடக்கன்குளத்திற் பண்டிதர் ஒருவரிடம் இலக்கியம் கேட்கத் தொடங்கிய அவர், 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். முப்பத்திரண்டு வயது, இறையியற் கலாநிதி, ஐந்தாண்டு ஆசிரியர், குருவானவர். அந்நிலையில் இளைஞரோடு ஒரே வாங்கில் அமர்ந்து தொல்காப்பியம் பாடங்கேட்டார். பகலிற் கற்பித்து இரவிற் கற்கும் வெளிவாரிப் பட்டதாரிகளாகிய எம்போன்றோர் இதன் அருமையை நன்கு உணர்வோம். ஆசிரியர் நாற்காலியில் இருந்து எழுந்து மாணவர் வாங்குக்குச் செல்லும் பத்தடித் தூரம் மிக நெடியது.

அவர்க்கு முந்திய தலைமுறையின் கத்தோலிக்கத் தமிழறிஞருள் தலைசிறந்தவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். சொற்பிறப்பாய்விலும் யாழ்ப்பாண வரலாற்றிலும் அவருக்குள்ள இடம் பெரிது. எனினும் சைவரோடு சமயவாதம் நிகழ்த்திய காலத்தின் மனிதர் அவர். சைவ நூல்களை மறுத்தற்கென்றும் கற்றார். தனிநாயக அடிகளாரின் எழுத்திற் கண்டனம் என்னும் துறையே இல்லை. இது குண வேறுபாடு மட்டுமன்று. எடுத்துக்கொண்ட பொருளின் வேறுபாடுமாகும். அதனைப் பின்னர்க் காண்போம்.

1952 இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளரானார். தமிழ்த்துறைக்கன்றிக் கல்வித்துறைக்கு வந்தார் என்பதை மறத்தலாகாது. அதே ஆண்டிலே 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டேட்டையும் தொடங்கினார். 1955 முதல் 1957 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் இரண்டாவது கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தது பண்டைத் தமிழிலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனை பற்றியது. இந்தியக் கல்வி வரலாறு எழுதினோர் வேதக் கல்வியையும் குருகுலத்தையும் தட்சசீலம், நாலந்தா ஆகியவற்றையும் கூறி அமைவர். தமிழர் கல்வி அவற்றில் இடம்பெறுவதில்லை. இக்குறையை எடுத்துக்காட்டிய அடிகளார், பாணரும் புலவரும் பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தின் கல்வியாளர் என நிறுவ முயன்றார். அக்கல்வி கோயிலையோ ஒரு குருகுலத்தையோ சாராது நின்றது என்பது இதிலே தொனிக்கும் கருத்து. வெண்ணிக் குயத்தியாரும், ஔவையாரும், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரும், பாண்டிய மன்னரும் ஒரே தொகையுட் புலவராக இடம்பெறுதல் அதற்கு அரண் செய்யும். கத்தோலிக்கக் குருமடத்தில் வளர்ந்த ஒருவர், சமய பீடத்தைச் சாராத கல்வியொன்றைப் போற்றி எழுதினார் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

கருத்துச் சிறந்தது, சான்று போதாது. புறநானூற்றுப் புலவர் அரசனுக்கு அறிவுரை கூறினர் என்பது தெளிவு. அப்புலவர் தாம் யாங்ஙனம் கற்றனர், யாரிடம், எத்தனை ஆண்டு, எம்முறையில் என்பதற்குப் பாட்டுக்களில் விடை அரிது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய 183 ஆம் பாட்டு, ஆசிரியனுக்கு உற்றுழி உதவியும் பொருள் கொடுத்தும் கற்க வேண்டுமென்கிறது. எனவே ஆசிரியர் இருந்தார், கொடையும் இருந்தது. பள்ளி எவ்வாறிருந்தது என அப்பாட்டுக் கூறவில்லை. முடிந்த செய்யுளிலிருந்து அதனை ஆக்கிய பயிற்சியை உய்த்துணரும் வழியை அடிகளார் வகுத்திலர். அவ்வழியை வகுத்தவர் வேறோர் ஈழத்தவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவரான க. கைலாசபதி, 1968 இல் ஒக்ஸ்போட்டில் வெளியான தம் ஆங்கில நூலில், ஹோமரின் காவியங்களுக்குப் பரி, லோட் என்போர் கையாண்ட முறையைச் சங்கச் செய்யுளுக்குக் கையாண்டார். திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் அமைப்புக்களையும் கொண்டு பாணர் வாய்மொழிப் பயிற்சியை அவர் விளக்கினார். அவர் முடிபுகள் அனைத்தையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. சங்கப் புலவர் எழுத்தறிந்தவர் என்னும் எதிர்வாதம் வலியுடையது. ஆயினும் அடிகளார் விட்ட இடத்திலிருந்து வினா முன்னேறியது கைலாசபதியால் என்க.

அடிகளாரின் நூல்களுள் எனக்கு மிக விருப்பமானது, சங்கப் பாட்டில் இயற்கை பற்றி அண்ணாமலையில் அவர் செய்த ஆராய்ச்சி. 1966 இல் நிலத்தோற்றமும் கவிதையும் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு திருந்திய வடிவில் அது வெளிவந்தது. கிரேக்கத்துத் தெயோக்கிரித்தசையும் இலத்தீனத்து வேர்ஜிலையும் அறிந்த ஒருவர் ஐந்திணையைக் காணும்போது என்ன காண்பார் என்பதற்கு இந்நூல் சான்று. வேர்ஜிலின் முல்லைப்பாட்டில் நகரத்தான் நாட்டுப்புறத்தை நோக்கி ஏங்குகிறான்; அங்கே நிலம் ஒரு புகலிடம். அகப்பாட்டிலோ தலைவன் தலைவியர் நிலத்துக்குள்ளேயே வாழ்கின்றனர். குறிஞ்சிப் பூவும் தேனும் தோழி சொல்லும் செய்திக்கு அணியாக வெளியிலிருந்து வருவன அல்ல. இவ்வேறுபாட்டை மேனாட்டாருக்கு அவர்தம் பேரிலக்கியத்தைக் கொண்டே உணர்த்திய திறத்தில் அடிகளார்க்கு இணையானவர் அக்காலத்து அரியர். இதற்கு அவருடைய இலத்தீன் உதவிற்று. அவ்விலத்தீனோ குருமடம் தந்தது.

இந்நூலிலும் ஒரு நெருடலுண்டு. திணைப் பாகுபாட்டை அடிகளார் பெரும்பாலும் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தமையின் நேர்விளைவாகக் கொள்கிறார். அடுத்த ஆண்டில், அதாவது 1967 இல், ஏ. கே. இராமானுஜன் குறுந்தொகைப் பாட்டுக்கள் சிலவற்றை மொழிபெயர்த்து வெளியிட்டபோது, அந்நூற்குப் பெயரே உள்ளத்துள் அமைந்த நிலம் என்னும் பொருள்பட இட்டார். அவர் பார்வையில் திணை என்பது புலவர் அனைவர்க்கும் பொதுவான ஒரு குறியீட்டு மொழி. நெய்தற்பாட்டுப் பாடியவன் கடற்கரையிற் பிறந்திருக்க வேண்டுவதில்லை. அடிகளாரின் நூலை இன்று மாணவர்க்குப் பரிந்துரைப்போர், இராமானுஜனின் பின்னுரையையும் உடன் வைத்துப் பரிந்துரைத்தல் நலம்.

1961 இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியற்றுறைப் பேராசிரியராகச் சென்றார். 1960 இலும் 1961 இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் இலங்கையின் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை, கத்தோலிக்கருடையனவும் சைவருடையனவும் ஒருங்கே, அரசின்கீழ் வந்த காலம் அது. இரண்டையும் காரண காரியமாகப் பிணைத்தல் வேண்டா. மலாயரும் சீனரும் தமிழரும் ஒரே மண்டபத்தில் இருந்து கற்ற அப்பல்கலைக்கழகத்தில், தமிழைத் தமிழரல்லாதார்க்கும் பொருளுடையதாகக் காட்டும் கடமை அவர்க்கு நேர்ந்தது என்பது மட்டும் உறுதி. அவருடைய தலைமைப் பேருரை இந்தியச் சிந்தனையும் உரோமரின் ஸ்தோயிக்க மெய்யியலும் பற்றியது. செனக்கா, மார்க்கஸ் ஒறேலியஸ் முதலியோர் கூறிய உலகப் பொதுமையைக் கணியன் பூங்குன்றனார் பாட்டோடும் திருக்குறளோடும் அவர் ஒப்பிட்டார்.

கேட்டார் உளங்கொள்ளும் ஒப்பீடு இது. ஆயின் ஒற்றுமையைக் காணும் ஆர்வம் வேற்றுமையை மூடிவிட்டது. ஸ்தோயிக்கர் எல்லா மனிதரையும் ஒரே நகரத்தாராகக் கொள்வது, எல்லாரிடத்தும் ஒரே பேரறிவின் கூறு உளது என்பதனால். ஊழையும் அவர்கள் அப்பேரறிவின் ஆணையாகவே கண்டனர். பூங்குன்றனார்க்கு அத்தகைய பேரறிவு இல்லை. மலையாற்று வெள்ளத்தில் அகப்பட்ட தெப்பம்போல உயிர் முறைவழிச் செல்லும் எனத் தெளிந்தமையால், பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் அவர்க்குப் பொருளற்றுப் போயின. ஒன்று அறிவினால் வந்த சமத்துவம். மற்றது கையறு நிலையைக் கண்டு தெளிந்ததால் வந்த சமத்துவம். முடிவு ஒத்திருத்தல் கொண்டு வழியும் ஒத்ததெனல் ஆகாது. பண்பாடுகளின் பன்மையைப் போற்றுவோர்க்கு இவ்வேற்றுமையே உயிர்நிலை. ஒன்றே உலகம் என்பதை நிறுவும் விரைவில் அடிகளார் அதனைக் கடந்து சென்றார்.

இனி, சைவர் என்ற முறையில் நாம் கேட்கக் கடவதொன்று. தமிழைப் பக்தியின் மொழியென உலகுக்கு எடுத்துக்கூறியவர் அடிகளார்; அவ்வுரை மேடைதோறும் இன்றும் ஒலிக்கிறது. ஆயினும் அவர் நூல்களுட் பெரும்பாகம் சங்கப் பாட்டையும் திருக்குறளையும் சூழ்ந்தே நிற்கிறது. தமிழர் மானிடவியம் என அவர் பெயரிட்ட பொருளும் அச்செவ்வியற் காலத்துக்கே உரியது. தேவாரமும் திருவாசகமும் எங்கே? கத்தோலிக்க குரு ஒருவர் அவற்றைத் தீண்டினால், தீர்ப்புக் கூறுவோராகக் கருதப்படுவார், அல்லது விருந்தினராக நின்று புகழ்வார். இரண்டும் அவர்க்கு உவப்பாயிரா. எல்லாச் சமயத்தாரும் ஒருங்கே நிற்கக்கூடிய தரையாகச் சங்க இலக்கியத்தை அவர் தேர்ந்தார். ஞானப்பிரகாசரின் கண்டனத் துறையிலிருந்து அவரை விலக்கிக் காத்ததும் இத்தேர்வே. நாகரிகமான தேர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் இதற்கு நாம் கொடுத்த விலையும் சிறிதன்று. தம் பாவத்தையும் தம்மைத் தேடிவந்த அருளையும் இறைவன் முன்னிலையிலேயே எடுத்துரைத்த அகுஸ்தீனாரை இலத்தீனிலும், அவ்வண்ணமே உருகிய மாணிக்கவாசகரைத் தமிழிலும், மூலத்தில் வைத்துக் கற்கவல்ல ஒருவர் நம்மிடை இருந்தார். இருவரையும் ஒப்பிட்டு அவர் தனிநூல் செய்திலர். ஜி. யூ. போப் திருவாசகத்தை 1900 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, கிறித்தவக் கண்கொண்டே அதனைப் படித்தார் என்ற குறை கூறப்பட்டது. எனினும் அவர் படித்தார். வேற்றுச் சமயத்தானின் நெருங்கிய வாசிப்பில் தவறு நேரும். அத்தவறு மரியாதையான மௌனத்தினும் பயனுடையது என்பது என் கருத்து. 1965 ஒக்டோபர் 28 ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய அறிக்கையையும் பிற சமயங்கள் பற்றிய அறிக்கையையும் ஒரே நாளில் வெளியிட்டது. பின்னதில் இந்து சமயம் பெயர் சுட்டி மதிக்கப்பட்டது. அதன் பின்னரேனும் அடிகளார் இத்துறையில் இறங்கியிருக்கலாம். அப்போது அவரைப் பிற பணிகள் கவர்ந்துகொண்டன.

அப்பணிகள் யாவரும் அறிந்தவை. 1964 ஜனவரியிற் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு நடந்தபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. தலைவர் பிரெஞ்சு அறிஞர் பிலியோசா. செயலாளராக அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் அமைந்தனர். 1966 இற் கோலாலம்பூர், 1968 இற் சென்னை, 1970 இற் பாரிஸ், 1974 இல் யாழ்ப்பாணம் என மாநாடுகள் நடந்தன. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதி நாளாகிய ஜனவரி 10 இல் நிகழ்ந்த உயிரிழப்புக்களை ஈண்டு விரித்தல் வேண்டா; அவை நம் நெஞ்சில் உள்ளன. 1980 செப்டெம்பர் 1 இல் அடிகளார் மறைந்தார். மாநாடுகளின் ஆரவாரத்தில் அவரைக் காண்போர், அமைப்பாளரை மட்டுமே காண்பர் என்ற அச்சம் எனக்குண்டு.

என் மதிப்பில் அவர் விட்டுச்சென்றவற்றுள் நிலைபேறுடையது வேறு. ஐரோப்பிய நூலகங்களிற் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களை அவர் தேடியறிந்து உலகுக்கு அறிவித்தார். 1554 இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் தமிழ் அச்சாயிற்று; 1578 இற் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாயிற்று; அடுத்த ஆண்டிற் 'கிரிசித்தியானி வணக்கம்'; 1586 இல் 'அடியார் வரலாறு'. யேசு சபைத் துறவி அன்ரிக்கே அன்ரிக்கசின் இந்நூல்கள் மதமாற்றத்துக்கென ஆக்கப்பட்டவை என்பதில் மறைப்பில்லை. அடிகளார் அவற்றைத் தமிழ் உரைநடையின் சான்றுகளாகவும் அச்சுக்கலையின் சான்றுகளாகவும் படித்தார். நாவலர் அச்சியந்திரத்தைச் சைவத்தின் கருவியாக்கியதோடு இதனை ஒப்பிடலாம்: பிறன் ஒரு நோக்கத்துக்குச் செய்த பொருள் மற்றொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது.

வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டது அந்தாவ் தெ புரோஎன்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கீச அகராதி. தொகுத்தவர் 1666 இல் இறந்தார். 1679 இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அது அச்சாயிற்று. வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு அரை நூற்றாண்டு முந்தியது. 1966 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக அடிகளார் முன்னுரையோடு அதன் மறுபதிப்பை வெளியிட்டார். அதில் 16,000 இற்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. நிகண்டுகள் புலவர்க்கு வேண்டிய சொல்லைத் தொகுத்தன. அயல்நாட்டான் ஒருவனோ சந்தையிலும் வீட்டிலும் தான் கேட்ட சொல்லையும் எழுதிக்கொண்டான். ஏனெனில் அவனுக்கு அது வேண்டியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழின் வடிவங்களை அறிதற்கு இதனினும் சிறந்த வாயில் சிலவே. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் இன்றும் எஞ்சி நிற்கும் சொற்களை இவ்வகராதியோடு பக்கம் பக்கமாக ஒப்பிடும் வேலை ஒன்றுண்டு. நம் கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் ஓர் ஆண்டு முயன்றால், ககர வரிசையையேனும் முடித்தல் கூடும்.